ஊர்த் தோட்டத்தில் ஒரு மர மண்டபம்: நெல்லைச் சீமையில் திட்டமிட்டுக் கட்டுவதற்கான முழு வழிகாட்டி

தேக்கு ஒன்று முற்றி வெட்டுக்கு வர 50, 60 ஆண்டுகள் ஆகின்றன. கேரள வனத்துறையின் தேக்குத் தோட்டங்களில் கணக்கு அப்படித்தான். அந்த மரத்தை அறுத்து நாம் எழுப்பும் மண்டபம் 15 ஆண்டுகளில் செல்லரித்துச் சாய்ந்தால், வாசலில் பசுமைக் கட்டடம் என்று பலகை மாட்டியும் பயனில்லை. மரம் வளர எடுத்துக்கொண்ட காலத்தைவிடக் கட்டடம் அதிக காலம் நிற்க வேண்டும். நீடித்த கட்டுமானம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அவ்வளவே.

நிற்குமா என்று கேட்பவர்கள் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போய்வரலாம். ராஜகோபுரத்தின் உள்தளங்களில் சிற்பம் செதுக்கிய மரத்தூண்களும் உத்தரங்களும் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. கோபுரத்தின் கூடு அவற்றை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்தது. திறந்த மண்டபத்துக்கு அப்படிப்பட்ட கூடு கிடையாது. ஆகவே இரண்டு வழிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை மரத்தை நனைய விடாமல் வரைய வேண்டும். என்ன செய்தாலும் நனையப்போகிற துண்டுகளை, மற்றதைப் பிரிக்காமல், ஊர் ஆசாரியே கழற்றி மாற்றும்படி பூட்ட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: ஆட்களைக் கணக்கிடுங்கள்

"அழகாக ஒன்று வேண்டும்" என்று தொடங்கினால் வரைபடம் தறிகெட்டுப் போகும். காலையில் யார் வருவார்கள், மாலையில் யார் என்று எழுதிப் பாருங்கள். நூலகத்துக்கு வரும் பிள்ளைகள், மகளிர் சுய உதவிக் குழுவின் வாரக் கூட்டம், மாலையில் வந்து சாயும் பெரியவர்கள், எப்போதாவது ஒரு வில்லுப்பாட்டு. தரையில் பாய் விரித்து உட்கார ஆளுக்குப் பத்துச் சதுர அடி போதும். நாற்பது பேர் கூடும் ஊருக்கு 24 அடி நீளமும் 16 அடி அகலமும் ஏறக்குறையச் சரியாக வரும். 384 சதுர அடி. இதைவிடப் பெரிதாகக் கேட்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கொடை விழாவை நினைத்துக் கேட்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வெளியே சாமியானா போட்டுக்கொள்ளலாம்.

நிலம் பொது நிலமானால் கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது. குளக்கரை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு பக்கம் போகவே வேண்டாம்; அங்கே கட்டினால் ஒருநாள் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், அதற்கு முன்பே தண்ணீர் இடித்துவிடும். ஊரார் ஒரு பங்கு போட்டு, அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு மதிப்பீடு தயாரியுங்கள்.

இரண்டாம் படி: இடமும் திசையும்

தாமிரபரணியை ஒட்டிய ஊர் என்றால் முதலில் வெள்ளத் தடயத்தைத் தேடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவர்களில் இன்னும் கறை இருக்கும். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் காட்டுவார்கள். இரண்டில் உயர்ந்ததை எடுத்துக்கொண்டு, உங்கள் தரைமட்டம் அதற்கு மேலே வருமா என்று பாருங்கள். வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள். ஒருநாள் வெள்ளத்தை மரம் தாங்கும். அது விட்டுப்போகும் சேறு பூட்டுகளுக்குள் புகுந்து மாதக்கணக்கில் ஈரம் காப்பதுதான் கெடுக்கும்.

அடுத்தது மண். ஆற்றோர வண்டல், செம்மண், சரளை எல்லாம் நல்லவை. கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு குணம் கொண்டது. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணில் அடித்தளம் எப்படி மாறும் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

திசை விஷயத்தில் நெல்லைக்கு ஒரு வசதி உண்டு. நாம் வடக்கு அட்சம் 8.7 பாகையில் இருக்கிறோம். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே விழும். ஜூனில் 15 பாகை வடக்கே சாயும், டிசம்பரில் 32 பாகை தெற்கே சாயும். தெற்கிலும் வடக்கிலும் மூன்றடி இறவாணம், அதாவது கூரையின் வெளிவிளிம்பு, நீட்டினாலே நடுப்பகல் வெயில் கட்டுக்குள் வந்துவிடும். டிசம்பர் நண்பகலில்கூட ஒன்றரை அடிக்கு மேல் உள்ளே வராது. தொல்லை தருவது காலைக் கிழக்கும், அதைவிட மாலை மேற்கும். ஆகவே நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். பதினாறு அடிக் குறுகிய பக்கம் மட்டும் மேற்கு வெயிலைப் பார்க்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் மேல்காற்றும் அந்தக் குறுகிய முகத்தில் மோதி நீளவாக்கில் ஓடிவிடும். மேற்குப் பக்கத்துக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். அதையும் கழற்றி வைக்கும்படி கொக்கியில் மாட்டுங்கள். காற்றுக் காலத்தில் தட்டி பாய்மரமாகிவிடும்.

தென்னை மரத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். ஓட்டுக் கூரையும் தேங்காயும் ஒத்துப்போகா.

மூன்றாம் படி: எட்டு அடிக் கட்டத்தில் வரையுங்கள்

24க்கு 16 என்ற அளவை ஆட்கணக்குக்காக மட்டும் சொல்லவில்லை. இதை எட்டு அடிக் கட்டங்களாகப் பிரித்தால் நீளப் பக்கங்களில் நான்கு நான்கு தூண்கள், குறுகிய பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று, ஆகப் பத்துத் தூண்கள். எந்தச் சுற்று உத்தரமும் எட்டு அடிக்கு மேல் தாண்ட வேண்டியதில்லை. நான்கு பக்கமும் சரியும் கூரை போட்டால், கூரை உச்சியில் ஓடும் மோட்டு விட்டம் எட்டு அடி நீளத்தில் அமைந்து, அதன் இரண்டு முனைகளும் உள்தூண் வரிசைகளின் நேர் மேலே வந்து நிற்கும். அந்த இரண்டு வரிசைகளுக்குக் குறுக்கே ஒவ்வொரு முக்கோணச் சட்டகம் வைத்தால் கூரை முழுவதும் அவற்றில் அமர்ந்துகொள்ளும். அகலத்தை 18 ஆக்கினால் இந்தப் பொருத்தம் கலைந்துபோகும். மோட்டிலிருந்து மூலைக்கு இறங்கும் சாய்வுச் சட்டங்களான மூலைக் கைமரங்கள் அந்தரத்தில் வந்து முடியும். அளவை மாற்றியே ஆக வேண்டுமானால் நீளத்தை இன்னோர் எட்டு அடி கூட்டுங்கள், அகலத்தைத் தொடாதீர்கள்.

இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரை மலிவு, வேலையும் எளிது. இருந்தும் நான் நான்கு பக்கச் சரிவையே சொல்வேன். வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மேற்கிலிருந்து வருகிறது. முக்கோண முகப்பு திறந்திருக்கும் கூரையில் அந்தப் பக்கத் தூண்கள் ஆண்டு முழுவதும் நனையும். நான்கு சரிவிலும், இரண்டு சரிவுகள் பள்ளமாகச் சேரும் பள்ளக்கோணம் இல்லை என்பது இன்னொரு லாபம். வேப்பிலை தேங்கி ஒழுகுவதற்கு இடமே இருக்காது.

அளவுகளை இப்படித் தொடங்கலாம். தூண் 6க்கு 6 அங்குலம். சுற்று உத்தரமும் மோட்டு விட்டமும் 4க்கு 6. முக்கோணச் சட்டகத்தின் அடி விட்டம் 4க்கு 8, அதன் சாய்வுச் சட்டங்களும் நடுக்காலும் 4க்கு 6. மூலைக் கைமரம் 3க்கு 8, நீளம் 17 அடி. மரவாடியில் இந்த நீளம் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மற்றக் கைமரங்கள் 2க்கு 5, இரண்டடிக்கு ஒன்று. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் 2க்கு 1. எல்லாம் சேர்த்துச் சுமார் 110 கன அடி வரும். அறுவைச் சேதாரத்துடன் 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை தேக்கு வலிமையுள்ள மரத்துக்கான தொடக்க அளவுகள். மரக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 883இன்படி ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மரத்துக்கு முன்பணம் கொடுங்கள். பொதுமக்கள் கீழே உட்காரும் கூரை இது.

உயரம்: தரையிலிருந்து தூணின் தலை வரை ஒன்பது அடி. அதில் கீழே ஓரடி கல், மேலே எட்டடி மரம். கூரைச் சரிவு 30 பாகை. மூன்றடி இறவாணம் வெளியே இறங்கும்போது அதன் நுனி தரையிலிருந்து ஏழேகால் அடியில் நிற்கும். யாருக்கும் தலை இடிக்காது, சாரலும் அதிகம் வராது.

நான்காம் படி: மரம் நிற்கும் கால்

மர மண்டபம் கெடுவது பெரும்பாலும் காலடியில்தான். மரத்தூணைக் குழியில் நட்டுக் கான்கிரீட் ஊற்றுவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். மரம் சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே இடுக்கு விழும். மழைநீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் தூண் பளபளவென்று இருக்கும். தரைமட்டத்தில் விரலால் குத்தினால் பொடியும்.

நம் ஊரில் இதற்கு மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்துக்கும் கொடிப் பந்தலுக்கும் ஊன்றுகிற கல்தூண்தான் அது. ஒன்பது அங்குலச் சதுரமும் ஆறரை அடி நீளமும் உள்ள கல்தூண்கள் பத்து வாங்குங்கள். செம்மண், சரளை நிலத்தில் மூன்றடிச் சதுரக் குழியை நான்கடி ஆழம் தோண்டி, கீழே ஓரடிக் கான்கிரீட் கட்டியில் கல்லின் அடியைப் பிடிப்பியுங்கள். அந்தக் கட்டி மட்டும் 600 கிலோவுக்குக் குறையாது. மண்டபத்தின் பாரத்தைத் தாங்க இவ்வளவு தேவையில்லை. காற்று கூரையைத் தூக்கும்போது கீழே இழுத்துப் பிடிக்கத்தான் இந்த எடை.

கரிசலில் இது செல்லாது. மண் உப்பும்போது ஒரு கால் மட்டும் மேலே வரும், பூட்டுகள் திருகிக்கொள்ளும், ஓடுகள் நழுவும். அங்கே அடியில் குடை போல விரிந்த கான்கிரீட் பைல்களைக் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதே நம்பத்தக்க வழி. செலவு கூடும். அவ்வளவு செலவிட முடியாது என்றால் கரிசலில் மண்டபம் வேண்டாம், புங்கை மரத்தடித் திண்ணையே போதும் என்பேன்.

கல்லின் தலை, எட்டாம் படியில் வரும் உயர்த்திய தரைக்கு மேல் ஓரடி நிற்க வேண்டும். அதன் மேல் துத்தநாகம் பூசிய தகடு ஒன்றை, நான்கு ஓரமும் ஓரங்குலம் வெளியே நீண்டு கீழ்நோக்கி மடிந்திருக்கும்படி வையுங்கள். செல் (கறையான்) மண்குழல் கட்டிக்கொண்டுதான் ஏறும். தகட்டைச் சுற்றி வெளியே வந்து ஏற வேண்டியிருப்பதால் குழல் கண்ணில் பட்டுவிடும். தகடு செல்லைக் கொல்லாது, காட்டிக்கொடுக்கும். பார்க்க ஆள் இருந்தால் அதுவே பாதி மருந்து. தகட்டின் மேல் அரை அங்குல இடைவெளி விட்டு இரும்புக் காலணியில் தூண் அமரட்டும். கல்லின் இரு பக்கமும் தூணின் இரு பக்கமும் பிடிக்கும் கனத்த பட்டைகளைக் குறுக்கே போல்ட் போட்டு முடுக்குங்கள். போல்ட்டையும் பூட்டின் முளையையும் கழற்றி, ஜாக்கி வைத்து உத்தரத்தைத் தூணின் தலை விடுபடும் அளவுக்குத் தூக்கினால் தூண் தனியாக வெளியே வர வேண்டும். வரைபடத்தில் இதைச் சொல்லிக் காட்ட முடியாத பொறியாளரிடம் இன்னொரு முறை வரையச் சொல்லுங்கள்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சு உப்புக்காற்றுக்கு நெடுநாள் தாங்காது. அங்கே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: எந்த மரம்

ஆளுக்கு ஒரு பேச்சு பேசும் இடம் இது. என் வரிசையைச் சொல்கிறேன்.

முதலிடம் பழைய மரத்துக்கு. நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் பழைய மச்சு வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் தேக்கு உத்தரங்களும் கட்டைகளும் பழைய சாமான் கடைகளுக்குப் போகின்றன. நன்றாகக் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம் அது. இன்று கிடைக்கும் இளந்தேக்கில் இல்லாத வைரம், அதாவது முற்றிய நடுமரம், அதில் இருக்கும். வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: சுவருக்குள் இருந்த நுனி, பழைய துளைகள், ஆணி அடித்த வரிசை. நுனியை ஓரடி வெட்டித் தள்ளிவிடுவதாகவே நீளத்தைக் கணக்கிடுங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கூடு. அறுவை மில்லுக்கு அனுப்பும் முன் ஆணி முழுவதையும் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் மில்காரர் வாளுக்கும் சேர்த்துக் காசு கேட்பார், கேட்பதில் நியாயமும் உண்டு.

அடுத்து, கணக்கோடு வரும் புதுத் தேக்கு. செங்கோட்டை, தென்காசி மரவாடிகளில் மலைக்கு அந்தப் பக்கத்து மரமும் தூத்துக்குடித் துறைமுகம் வழியே வரும் வெளிநாட்டு மரமும் கிடைக்கின்றன. பில்லும் போக்குவரத்து அனுமதியும் இல்லாத மரத்தைப் பொதுக் கட்டடத்துக்கு வாங்காதீர்கள். 15, 20 ஆண்டுத் தேக்கில் ஓரத்து வெள்ளைப் பகுதி அதிகம். தேக்கு என்ற பெயர் அந்த வெள்ளைக்குப் பொருந்தாது. செல் அதை விறகாகவே நினைக்கும். தூணிலும் உத்தரத்திலும் வெள்ளை இல்லாமல் அறுத்துத் தரச் சொல்லுங்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரக்குச்சிகளைப் பாதி மண்ணில் புதைத்து எவ்வளவு நாள் தாங்குகின்றன என்று பார்க்கும் சோதனையில், 120 மாதங்களுக்கு மேல் தாங்குபவை முதல் வகுப்பு. தேக்கின் வைரம் அந்த வகுப்பைச் சேர்ந்தது.

பனையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. வைரம் பாய்ந்த பனங்கை தாத்தா காலத்து ஓட்டு வீடுகளில் இன்றும் அசையாமல் கிடக்கிறது. கருத்த வெளி நார்தான் வலிமை. உள்ளே இருப்பது வெறும் சோறு. ஆனால் மண்டபத்துக்காகப் பனை வெட்டுவதை நான் ஒப்பமாட்டேன். 2021இல் தமிழக அரசு பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்திருக்கிறது, அது சரியான முடிவு. இடித்த வீட்டுப் பனங்கை கிடைத்தால் கைமரத்துக்கு வாங்குங்கள், அளவைப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

வேம்பு கைமரத்துக்கும் இருக்கைக்கும் ஆகும். காயும்போது முறுக்கிக்கொள்ளும், அதனால் தூணுக்கு வேண்டாம். பூவரசு உறுதியானது, நேர் நீளம் கிடைப்பது அரிது. முட்டுச் சட்டங்களுக்கு அதைவிட நல்லது இல்லை. மருதம் கனத்தது, காயும்போது வெடிக்கும். தவிர, ஆற்றங்கரை மருதத்தில் கைவைக்க யாருக்கும் மனம் வரக் கூடாது. சவுக்கும் மலைவேம்பும் இந்த வேலைக்கு அல்ல.

சீமைக் கருவேலத்துக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். கோணல் மரம், நான்கடி நேராகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் இரும்பு போலக் கெட்டி. பூட்டுகளுக்கு அடிக்கும் முளைகளை அதில் சீவுங்கள். கண்மாயிலிருந்து எவ்வளவு வெட்டினாலும் ஊருக்கு லாபமே.

மருந்து: வைரத் தேக்குக்குத் தேவையில்லை. வேம்பு, பூவரசு, வெள்ளை கலந்த ரீப்பர்களுக்கு மூன்று பங்கு போராக்ஸும் இரண்டு பங்கு போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறல் கொடுங்கள். மழையில் நனைந்தால் இது கரைந்து போகும் என்பதால் கூரைக்குக் கீழே உள்ள மரத்துக்கு மட்டும். குழந்தைகள் தொட்டு விளையாடும் இடத்தில் ஆர்செனிக் கலந்த மருந்துகள் வேண்டாம். மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். வார்னிஷ் உரிந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், எண்ணெயை மேலேயே பூசிக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காய வையுங்கள்.

ஆறாம் படி: பூட்டும் காற்றும்

காற்று வேகத்துக்கான ஐ.எஸ். 875 தரநிலை மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் விநாடிக்கு 39 மீட்டர் என்று வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாமும் அதையே எடுத்துக்கொள்கிறோம். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம் வரும். திறந்த மண்டபத்தில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், ஓரங்களில் இன்னும் கூடுதலாக. ரீப்பரோடு சேர்ந்த ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு 65 கிலோ இருக்கும். மீதியை அடித்தளம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரையோ அதில் பத்தில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. மலிவு என்று தகரத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்; மழையில் அதன் கீழே பேசவும் முடியாது.

எனவே கல்லிலிருந்து தூண், தூணிலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து கைமரம், கைமரத்திலிருந்து ரீப்பர் என்று பிடிப்பு ஓர் இடத்திலும் அறாமல் மேலே போக வேண்டும். கைமரம் ஒவ்வொன்றையும் உத்தரத்தோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்குங்கள். வெறும் ஆணியை நம்பாதீர்கள். மேலே இழுத்தால் ஆணி வழுக்கி வந்துவிடும்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு முட்டுச் சட்டம். தூணின் தலையிலிருந்து இரண்டரை அடி கீழே தொடங்கி 45 பாகையில் உத்தரத்தில் முட்டும் 3க்கு 4 அங்குலச் சட்டம், ஒவ்வொரு தூணிலும் இரண்டு திசைக்கும். சுவரில்லாத கட்டடம் நேராக நிற்பது இவற்றால்தான். பார்வைக்கு மறைக்கிறது என்று இவற்றை எடுக்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள்.

தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கழுந்தும் (சீவிய முனை) அது நுழையும் துளையும் வைத்து முளை அடிப்பதை நம் ஆசாரிகள் நன்கு அறிவார்கள். முளை மறுபக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும்; தட்டி வெளியே எடுக்க அது வேண்டும். பசை வேண்டாம். பசை போட்ட பூட்டை அவிழ்க்க வாள்தான் கருவி. எல்லா உறுப்புகளையும் முதலில் தரையில் கோத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உளியால் அடையாளம் வெட்டச் சொல்லுங்கள். அந்த அடையாளங்களையே வரைபடத்திலும் எழுதுங்கள்.

ஏழாம் படி: ஓடு

கூரைப் பரப்பு 760 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதல். மங்களூர் ஓடு சுமார் 1,060 வேண்டும். உடைசலுக்கும் மூலை வெட்டுக்கும் சேர்த்து 1,200 வாங்கி, மிஞ்சுவதை அப்படியே அடுக்கி வையுங்கள். பழைய ஓடு கிடைத்தால் ஒரே அச்சில் வந்ததாகப் பாருங்கள். இரண்டு கம்பெனி ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டா. இறவாணத்து முதல் வரிசையையும் மூலையையும் மோட்டையும் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள்.

கைமர நுனிகள்தான் முதலில் நனையும், முதலில் உளுக்கும். அவற்றை மூடி ஓர் அடைப்புப் பலகையைத் திருகாணியில் மாட்டுங்கள். அது பலியாவதற்கென்றே வைக்கும் பலகை. கெட்டதும் கழற்றி வேறு மாட்டலாம்.

எட்டாம் படி: தரையும் சுற்றும்

தரையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். அதற்குச் சரிவுப் பாதை, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பதினெட்டு அடி நீளம் வரும். சக்கர நாற்காலிக்கும் முழங்கால் வலிக்கும் இதைவிடச் செங்குத்தாகப் போகக் கூடாது. இடத்தை வரையும்போதே இதற்கு நிலம் ஒதுக்குங்கள். பிறகு இடமில்லை என்பார்கள். மேல்தளத்துக்கு வழுவழுப்பான டைல் வேண்டாம். நம் வீடுகளின் சிவப்புக் காவித் தரை வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, பத்தமடைப் பாய் விரிக்கவும் அதுவே தோது. நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விடுங்கள்.

இறவாணத் தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்குச் சரளைக் கற்கள் நிரப்புங்கள். மண்ணில் விழுந்தால் சேறு தெறித்துத் தூணை நனைக்கும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இந்தக் கூரையிலிருந்து 600 லிட்டர் இறங்கும். வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக் குழிக்கோ கிணற்றுக்கோ விடுங்கள். தூணில் கொடி ஏற்ற வேண்டாம். மல்லிகை அழகுதான்; அதன் அடியில் ஈரமும், ஈரத்தில் செல்லும் வரும். மேற்கே பதினைந்து அடி தள்ளிப் புங்கையும் பூவரசும் வையுங்கள்.

ஒன்பதாம் படி: மாதக் கணக்கு

தையில் மரம் வாங்கி அறுத்து, நுனிகளில் சாணி அல்லது பெயின்ட் பூசி, நிழலில் குச்சி வைத்து அடுக்குங்கள். மேல்காற்று நேரே பட்டால் மரம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகி வெடிக்கும். ஓலைத் தட்டி மறைப்பு வேண்டும். அடித்தளமும் கல்லும் பங்குனி, சித்திரையில். ஆனியிலும் ஆடியிலும் கொட்டகைக்குள் ஆசாரி வேலை. ஆடியில் தூண் நிறுத்தச் சொன்னால் ஊர் ஒப்பாது, காற்றும் ஒப்பாது. ஆவணியில் நிறுத்தி, ஐப்பசி மழைக்கு முன் ஓடு வேய்ந்துவிடுங்கள். புது மரமானால் ஈரமானி வாங்கி, 15 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை பூட்டு வெட்ட விடாதீர்கள். ஒரு மழைக்காலம் தள்ளிப்போனாலும் பாதகமில்லை.

பத்தாம் படி: கட்டிய பிறகு

மாதம் ஒருமுறை ஒருவர் பத்துக் கல்லின் தலையையும் சுற்றிப் பார்க்க வேண்டும். மண்குழல் தெரிந்தால் சுரண்டிவிட்டு, அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடுங்கள். ஆண்டுதோறும் புரட்டாசியில் ஓடு ஏறிப் பார்த்து உடைந்ததை மாற்றுங்கள், போல்ட்டுகளை முடுக்குங்கள், வெயில்படும் மரத்துக்கு எண்ணெய் பூசுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மரம் சுருங்கிப் போல்ட்டுகள் தளரும். அப்போது தையிலும் ஒருமுறை முடுக்குவது நல்லது. வரைபடத்தின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று நூலகத்தில், ஒன்று ஆசாரி வீட்டில் இருக்கட்டும்.

என்றாவது ஒரு தூணின் அடி உளுத்தால் முழுத் தூணையும் தூக்கிப் போடத் தேவையில்லை. உத்தரத்துக்கு இரு பக்கமும் முட்டு கொடுத்து, ஜாக்கியில் பாரத்தை ஏற்றிக்கொண்டு, கெட்ட இடத்துக்கு ஓரடி மேலே தூணை அறுங்கள். அதே மரத்தில் புதுத் துண்டு சீவி, தூண் கனத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு ஏறுமாறாக வெட்டி ஒட்டு வைத்து, இரண்டு போல்ட் குறுக்கே போடுங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, காலணியின் போல்ட்டை முடுக்குங்கள். ஓடு ஒன்றையும் தொடாமல் இரண்டு ஆசாரிகள் செய்துவிடக்கூடிய வேலை இது.